கண்ணாடிக் கதவருகே கிடைத்த குரல்

நர்ஸ் திவ்யாவுக்குக் காய்ச்சல் என்று கேட்டபோது நான் வார்டில் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் காய்ச்சலுக்கு நான்தான் காரணம் என்று மனது அடித்துச் சொன்னது.

நான் கோவையில் ஒரு மருத்துவமனையில் பதினாறு வருடமாக ஆயா வேலை செய்கிறேன். வீடு கணபதியில். பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. பஸ்சில் என் ஸ்டாப் வந்தாலும், வேறு யாராவது இறங்கினால்தான் இறங்குவேன். இல்லாவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடப்பேன். சபையில், ஆண்டவர் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். "உன்ற சத்தத்தக் கேட்டே ஒரு வாரமாச்சு அம்மணி" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

கொரோனா வந்த முதல் வருடம், ஜூன் மாதம். கொரோனா வார்டிலிருந்து வருபவர்கள் பாதுகாப்பு உடையைக் கழற்ற ஒரு சின்ன அறை இருந்தது. கண்ணாடிக் கதவு போட்டது. உடையில் கிருமி ஒட்டியிருக்கும் என்பதால், கழற்றும்போதுதான் ஆபத்து அதிகம் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் கழற்றியதும் கையில் சானிடைசர் தேய்க்க வேண்டும். மாஸ்க்கைக் கடைசியாகத்தான் தொடலாம். அசதியில் யாரும் மறந்துவிடாமல் இருக்க, கதவுக்கு வெளியே ஒருவர் நின்று பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்குத் தலைமை சிஸ்டர் என்னை நிறுத்தினார்.

"எனக்குப் பேச வராதுங்க சிஸ்டர்."

"பேசறவங்கள நிறுத்துனா பேசிட்டேதான் நிப்பாங்க. நீங்கதான் பாப்பீங்க. நில்லுங்கக்கா."

வேறு யாரையாவது நிறுத்தும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். அவர் நிறுத்தவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. கழற்றும் முறையைக் காட்டிச் சுவரில் ஒட்டியிருந்த படத்தை விரலால் காட்டிச் சமாளித்தேன்.

இரண்டாம் நாள் திவ்யா வந்தாள். உடுமலைப்பேட்டைப் பெண், நர்ஸ் வேலைக்கு வந்து ஒரு வருடம்தான். கையுறையைக் கழற்றியவள், சானிடைசரைத் தொடாமலே மாஸ்க்கை இழுத்தாள். நான் விரலைத் தூக்கினேன். அவள் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை போதும். அது வரவில்லை. பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்குத்தான் இப்போது காய்ச்சல். ஹாஸ்டலில் தனி அறையில் வைத்துவிட்டார்கள்.

துணி அறைக்குள் போய் முழங்காலில் விழுந்தேன். "அந்தப் பிள்ளை நல்லபடியா வந்தா, அந்தக் கதவுல இனி வாய மூட மாட்டேன்" என்று பொருத்தனை செய்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் திவ்யாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நெகட்டிவ்வுங்க! சாதாக் காய்ச்சல்தானாமா. ஏனுங்கக்கா, நல்ல சேதி சொன்னா அழுவறீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட, அப்பவே நாலு சத்தம் போட்டிருக்கலாமில்லீங்க? என்னையத் திட்டறதுக்கு ஹாஸ்டல்ல பத்துப் பேரு இருக்காங்க. பதினொண்ணாவதா நீங்களும் திட்டியிருந்தா என்ன?"

அழுதுகொண்டே சிரித்தேன். சிஸ்டரிடமும் போய் ஒப்புக்கொண்டேன்.

பொருத்தனை செய்வது எளிது. அன்று மதியமே அதைச் செலுத்த வேண்டி வந்தது. கதவுக்கு உள்ளே பெரிய டாக்டர். அவர் செருமினாலே வார்டு அமைதியாகிவிடும். உடையைக் கழற்றினார். களைத்துப்போயிருந்தார். கை நேராக மாஸ்க்குக்குப் போனது. "ஆண்டவரே" என்றேன் மனதுக்குள். ஜெபம் அவ்வளவுதான்.

"ஏனுங்க டாக்டர்! கை!"

என் குரல்தான். வராந்தாக் கோடியில் டிராலி தள்ளியவர்கூட நின்றுவிட்டார். டாக்டர், போலீசைக் கண்டவர் போல இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி நின்றார். அப்புறம் மாஸ்க்குக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"தப்புதானுங்க அம்மணி. இப்ப என்ன செய்யோணும்?"

"மருந்து தேய்ங்க. விரல் இடுக்குல தேய்ங்க. கட்டைவிரல உட்டுப்போட்டீங்க."

"உட்டுப்போட்டனா?" என்று கட்டைவிரலை எனக்குக் காட்டிக் காட்டித் தேய்த்தார்.

அன்றிலிருந்து நான் "போலாமுங்க" என்று சொல்லாமல் யாரும் அந்த அறையை விட்டு வரமாட்டார்கள். எனக்குக் 'கை அக்கா' என்று பெயர் வைத்தார்கள். திவ்யா என்னைப் போலவே கத்திக் காட்டி வார்டையே சிரிக்க வைப்பாள். எல்லோரையும் நான் காப்பாற்றினேன் என்று சொல்லவில்லை. எங்களில் சிலர் வேறெங்கோ தொற்றிப் படுக்கத்தான் செய்தார்கள். ஆனால் கண்ணால் பார்த்த தப்பைச் சொல்லாமல் ஒருவரையும் நான் அனுப்பவில்லை. அந்த பலத்தைத் தந்தவருக்கு ஸ்தோத்திரம்.

வேலையை மாற்றும் என்று கேட்டேன். அவர் என்னை மாற்றினார். என்னைப் போல் பின்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பவர்களே, வராத குரலையும் அவரிடம் கேளுங்கள். தருவார்.

போன வாரம் பஸ்சில் என் ஸ்டாப் வந்தது. யாரும் எழவில்லை. "கண்டக்டருங்க, ஸ்டாப்புங்க!" என்றேன். பஸ் நின்றது. எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் சத்தமில்லாமல் இறங்கினார்கள்.