காலியாக இருந்த கறுப்பு அறை

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இரண்டு வருஷமாகக் கிடந்தது. உள்ளே பன்னிரண்டு சின்ன அறைகள். பதினொன்றில் விரால் பிடிக்கும் ரப்பர் மீன்கள், பச்சையும் வெள்ளையும் மஞ்சளுமாக. ஓர் அறை காலி. பெட்டியை இறக்கிப் பார்க்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

பெட்டி என் மனைவியின் அண்ணனுடையது. அம்பத்தூரில் எனக்கும் அவருக்கும் ஒரே பட்டறையில் லேத் வேலை. ஞாயிறு என்றால் முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஓர் ஏரியிலிருந்து வரும் கால்வாய்க்குப் போய்விடுவோம். தூண்டில் வீசுவது அவர், ரப்பர் மீனுக்கு நிறம் பொறுக்குவது நான். வீசுகிற கையே நிறத்தையும் தேடினால் மீன் கடிக்காது என்று நம்பினார். நான் கேலி செய்வேன், பொறுக்கியும் கொடுப்பேன். சொன்னால் வெட்கம், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. சோற்றுத் தட்டின் முன்னாலும் அவருக்கு இதே பேச்சு. "தண்ணி தெளிஞ்சா பச்சை, கலங்குனா கறுப்பு" என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்தக் கடைசி ஞாயிறு, மழை விட்டு மூன்றாம் நாள். வெயில் நன்றாகவே அடித்தது. அவர் கால்வாய் நடுவில் ஒரு கல்மேல் நின்று பச்சை வீசிக்கொண்டிருந்தார். வழக்கமாக நிற்கும் கொக்குகளில் ஒன்றுகூட இல்லை. வேரோடு பிடுங்கிய கோரை மிதந்து வந்தது. அதன் பின்னாலேயே தண்ணீரில் செம்மண் நிறம் மெல்லப் பரவி வந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். என் புத்திக்கு எட்டியது ஒன்றுதான்: பச்சை இனி எடுபடாது.

"மச்சான், தண்ணி கலங்கிகினு வருது. கறுப்பு மாத்திக்க" என்றேன்.

அவர் கரைக்கே வந்துவிட்டார். ஈரக் காலோடு பக்கத்தில் நின்றார். பச்சையைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, கறுப்பை நானே கட்டிக் கொடுத்தேன். இன்னிக்கு இது போதும், ஊட்டுக்குப் போலாமா என்று கேட்டார். இப்போதுதான் விரால் ஏறும் என்று அவரைத் திருப்பி அனுப்பினேன். இரண்டாவது வீச்சில் கல் தெரியவில்லை. அவரும் தெரியவில்லை. மேலே எங்கோ ஏரிக்கரை உடைந்து வெள்ளம் வந்திருந்தது. சாயங்காலம்தான் உடலை எடுத்தார்கள்.

தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, வெள்ளம் ஒரே நொடியில் வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். சொன்னவர்களில் என் மனைவியும் ஒருத்தி.

போன வாரம் போகிக்காக அவள் பரணை ஒழித்தாள். பெட்டியைத் திறந்து, காலி அறையில் விரலை வைத்தாள்.

"இதுல இன்னா கலர் இருந்துது?"

இரண்டு வருஷமாகப் பொய் சொன்ன வாய், அன்று ஏனோ உண்மையைச் சொல்லிவிட்டது.

"கறுப்பு."

அவள் உதடு அசைந்தது. அண்ணனின் மனப்பாடத்தைச் சொல்லிக்கொள்கிறாள் என்று தெரிந்தது. விரலை எடுக்காமலே என்னைப் பார்த்தாள்.

"அப்போ, தண்ணி கலங்குனது உங்களுக்குத் தெரியும்."