நான் அழித்த பாட்டு

சித்தூரில் ஹெவி மெட்டல் இசைப் பைத்தியங்கள் நானும் சாமுவும்தான். நாங்கள் கொண்டாடிய வெளிநாட்டு இசைக்குழு திடீரென ஒரு மென்மையான பாட்டு வெளியிட்டது. சாமு உருகினான். "சர்ச் பாட்டாட்டம் கீதுடா" என்று கேலி செய்தேன்.

குவைத்துக்கு வேலைக்குப் போன சாமு ஒரு கேசட் பதிந்து அனுப்பினான். எல்லாம் அதிரடிப் பாட்டுகள். கடைசியில் அந்த மென்மையான பாட்டின் மெதுவான கிட்டார் தொடங்கியதுமே எரிச்சலில் அதன்மேல் வேறொரு பாட்டைப் பதிந்தேன்.

மூன்றாம் மாதம், விபத்தில் இறந்த அவனைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்ததும் அவன் அம்மா என் கையைப் பிடித்தார். "அந்த மெதுவான பாட்ட அவனே பாடி கேசட்டு கடைசில பதிஞ்சிக்கிறதா சொன்னான் நைனா. ஒரு தபா போடு, கொரல கேக்கணும்."

"டேப் அறுந்துடுச்சும்மா" என்று பொய் சொன்னேன்.

"பரவால்லப்பா. நீயாவது கேட்டியே."

இன்றும் அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் முடியும்வரை நிற்கிறேன். பாடுவது அவனில்லை.