இறக்கைக்குள் மூன்று வரி

எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அத்தனை கல்யாணங்களுக்கு எங்களை அழைத்தார்கள் என்று அர்த்தமில்லை. அப்பா அம்பாசமுத்திரத்தில் ஓர் அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தார். முகூர்த்த நேரம் மாறிப்போகும், பெண்ணின் பெயரில் ஓர் எழுத்து விழுந்துபோகும், தாய்மாமன் பெயர் விட்டுப்போய் அவர் கோபித்துக்கொள்வார். உடனே மொத்தத்தையும் திருப்பி அடிக்க வேண்டும். பிழையான அட்டைகளை அப்பா கட்டாகக் கட்டி, சைக்கிளின் பின்னால் வைத்து, பாலத்தைத் தாண்டி கல்லிடைக்குறிச்சிக்குக் கொண்டுவருவார். அம்மாவுக்கு அது அடுப்புப் பற்றவைக்க. அத்தைக்கு விமானம் செய்ய.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆள் வராத நேரத்தில் நெட்டில் விமானங்களைத் தேடி, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று என்று படம் எடுத்துக்கொண்டு வருவாள். விமானத்தை அவள் நேரில் பார்த்தது எங்கள் ஊர் வானத்தில் சுண்டுவிரல் நீளத்தில் போகும்போது மட்டும்தான்.

அத்தையின் விமானம் பறக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெருப்பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பறப்பதைத் தவிர மற்ற எல்லாம் செய்யும். விமானி உட்காரும் இடத்தில் தீக்குச்சியால் ஒரு நெம்பு இருக்கும். அதை இடப்பக்கம் சாய்த்தால் இடது இறக்கையின் பின்மடல் எழும், வலது இறக்கையின் மடல் தாழும். தீர்ந்துபோன பேனா ரீஃபிலைத் துண்டு துண்டாக நறுக்கி, அதற்குள் நூலை ஓட்டியிருப்பாள். வயிற்றில் தொங்கும் நூலை இழுத்தால் இரண்டு கதவுகள் திறந்து, சட்டைப் பொத்தான் சக்கரங்கள் இறங்கும். விட்டால் ரப்பர் வளையம் உள்ளே இழுத்துக்கொள்ளும். மைதாப் பசையில் கரப்பான் வராமல் இருக்க, அச்சகத்தில் போடுவதுபோல மயில்துத்தம் கலப்பாள்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். அச்சடித்த பக்கம் உள்ளே போக வேண்டும். வெளியே ஓர் எழுத்துகூடத் தெரியக்கூடாது. கதவு திறக்கிற இடத்தில், மடல் எழுகிற இடத்தில் உள்பக்கம் தெரியுமே, அங்கெல்லாம் வெள்ளைத் தாளை அளந்து ஒட்டி மறைத்துவிடுவாள். "எழுத்து தெரிஞ்சா அது பிளேன் இல்லட்டி, மடிச்சு வச்ச கார்டு" என்பாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. தொடர்ந்து இரண்டு வரி வாசிக்கத் தெரியவில்லை என்று டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள். அது பொய் என்று காட்டுவதற்காக நான் கண்ணில் பட்டதையெல்லாம் உரக்க வாசித்துக்கொண்டு திரிந்தேன். பஸ் போர்டு, உப்புப் பாக்கெட், மருந்துக்கடைப் பலகை, சுடுகாட்டுச் சுவர் விளம்பரம். "ஏட்டி, மூச்சு விட்டுட்டு வாசி" என்று அம்மா அப்பளம் தேய்த்தபடியே கத்துவாள். அம்மா அப்பளக் கம்பெனிக்கு வீட்டில் இருந்தே தேய்த்துக் கொடுத்தாள். அந்தப் பெருங்காய வாசனையில்தான் எங்கள் விமானங்களும் காய்ந்தன.

அந்த வருடம் அத்தைக்கு ஒரு மாப்பிள்ளை வந்தார். சேரன்மகாதேவிக்கு அந்தப் பக்கத்து ஊர். பி.இ. படித்து, சென்னையில் வேலை. நகை, ரொக்கம் எதுவும் கேட்கவில்லை. தரகர் அண்ணாச்சி ஒரு வாரம் தினமும் வந்து, மாப்பிள்ளையின் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், படிப்பு நான்கையும் மந்திரம்போலச் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். எனக்கே மனப்பாடமாகிவிட்டது. பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவரும் எங்கோ நன்றாக இருக்கட்டும்.

அத்தைக்குப் பாலிடெக்னிக் படிக்க ஆசை. விண்ணப்பப் பாரம் வாங்கி, துணிக்கு அடியில் வைத்திருந்தாள். "அதெல்லாம் கட்டிக்கிடுதவன் படிக்க வப்பான்" என்று அப்பா சொல்லிவிட்டார். ஜெராக்ஸ் கடை வேலையையும் நிறுத்தியாயிற்று.

பெண் பார்க்க வருவதற்கு நான்கு நாள் முன்னால், அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை ஒரு பழைய அட்டையைக் கொண்டுவந்து அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் நீட்டினாள். தங்க எழுத்து அட்டை, நல்ல கனம். ஏதோ மெதுவாகச் சொன்னாள். அப்பா நிமிரவே இல்லை.

"நா பாக்காத பேராட்டி? ஒரு நாளைக்கு நூறு பேர வெட்டுதேன். எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். போய் வேலையப் பாரு."

"ஒரு தடவ பாருண்ணே."

"தட்டிக் கழிக்கதுக்கு ஏதாவது ஒண்ணு வேணும் ஒனக்கு."

நல்ல அட்டையை வெட்டிக்கொள்ள அத்தை அனுமதி கேட்கிறாள், அப்பா மறுக்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். மறுநாளே அந்த அட்டை புது விமானத்தின் இறக்கையாகியிருந்தது. அனுமதி இல்லாமலே வெட்டிவிட்டாள் என்று எனக்கு அத்தையின் மேல் மரியாதை கூடியது.

அந்த விமானத்தில் புதிதாக ஒரு வேலை இருந்தது. இறக்கையின் மேல் ஒரு மூடி. விமானம் தரையில் இறங்கும்போது வேகத்தைக் குறைக்க இப்படி ஒரு மூடி எழுந்து நிற்குமாம். அதற்கு மட்டும் சிவப்பு நூல். நான் கையை நீட்டினாலே "பசை காயல" என்று தட்டிவிடுவாள். வழக்கமாக விமானங்கள் பீரோவின் தலையில், எனக்கு எட்டாத இடத்தில் இருக்கும். இதை மட்டும் சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில், என் நெஞ்சு உயரத்தில் வைத்தாள். கல்யாணக் கவலையில் மறந்துவிட்டாள் போல.

"நாளைக்குக் காஞ்சிரும்" என்றாள், பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம். "ஆனா நீ தொடக்கூடாது, என்ன?"

நாளைக்குக் காய்ந்துவிடும் என்பது மட்டும்தான் என் காதில் தங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமன், தரகர் அண்ணாச்சி நால்வரும் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காப்பி. அத்தை தட்டை நீட்டிவிட்டு, சுவரோரம் தலைகுனிந்து நின்றாள். அவ்வளவு அடக்கமாக அவளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

தாய்மாமன் பஜ்ஜியை மென்றுகொண்டே கேட்டார். "பொண்ணுக்குக் கைவேல எதுவும் உண்டுமா?"

அதற்கு அம்மா தயாராக இருந்தாள். கிளி போட்ட தலையணை உறை ஒன்றைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வைத்திருந்தாள். அவள் எழுந்து உள்ளே போய் வருவதற்குள், நான் விமானத்தோடு கூடத்தின் நடுவில் நின்றேன்.

அம்மா வாசற்படியிலேயே உறையும் கையுமாக நின்றுவிட்டாள். அப்பா பல்லைக் கடித்தார். ஆனால் மாப்பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை அவர் காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு செஞ்சது?"

"எங்க அத்த. சக்கரம்லாம் எறங்கும்."

இறக்கிக் காட்டினேன். பொத்தான்கள் டக்கென்று வந்து நின்றன. தரகர் அண்ணாச்சிகூட "அடி ஆத்தீ" என்றார். நெம்பைச் சாய்த்தேன், மடல்கள் ஏறி இறங்கின. மாப்பிள்ளை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"மேல இந்த மூடி எதுக்கு? செவப்பு நூலு?"

"எறங்கும்போது வேகத்தக் கொறைக்கவாம். இன்னைக்குத்தான் காஞ்சுருக்கு" என்று இழுத்தேன்.

மூடி எழுந்து நின்றது. உள்ளே வெள்ளைத் தாள் இல்லை. எழுத்து. தங்க எழுத்து மூன்று வரி. அத்தை மறைக்க மறந்துவிட்டாளே என்று ஒரு நொடி திக்கென்றது. ஆனால் எழுத்தைக் கண்டால் எனக்கு வாய் நிற்காது. அதுவும் இத்தனை பேர் முன்னால்.

முதல் வரியில் ஓர் ஊர் பெயரும் ஓர் அப்பா பெயரும். தரகர் தினமும் சொன்ன அதே பெயர்கள். தடங்கலே இல்லாமல் வாசித்தேன். இரண்டாவது வரியில் "திரு... நிறைச்... செல்வன்" என்று கொஞ்சம் திணறினேன். அதற்கு அடுத்தது எளிது. மாப்பிள்ளையின் பெயர், பி.இ.

"மாமா, ஒங்க பேரு!" என்று குதித்தேன். எல்லோரும் ஏன் அப்படியே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. மூன்றாவது வரியையும் வாசித்தேன். திருநிறைச்செல்வி என்று ஆரம்பித்து வேறு ஏதோ ஒரு பெயர் இருந்தது.

எனக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வருகிற அட்டைகள் எதற்காக வருகின்றன என்று எனக்குத் தெரியாதா?

"அத்தே, ஒம் பேரத் தப்பா அடிச்சிட்டாவ! யப்பா, இத திருப்பி அடிக்கணும்லா?"

தாய்மாமன் தொண்டையைச் செருமினார். "ஒரே பேருல பத்து பேரு இருப்பான். சின்னப் பிள்ள, அதுக்கு என்ன தெரியும்."

"இல்ல மாமா" என்றார் மாப்பிள்ளை. "அது நாந்தான்."

"ஏலே, சும்மா இருலே" என்றாள் அவர் அம்மா.

"ரெண்டு வருசமாச்சு. நாலு மாசத்துல பிரிஞ்சிட்டோம்." அவர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "சொல்லிட்டுத்தான் வரணும்னு சொன்னேன். வீட்டுல கேக்கல."

தரகர் அண்ணாச்சி தன் பையைத் தேட ஆரம்பித்தார். அது அவர் மடியிலேயே இருந்தது.

கிளம்பும்போது மாப்பிள்ளை என் முன்னால் குனிந்து, எழுந்து நின்ற மூடியை ஒரு விரலால் அழுத்தி மூடினார். "பைய இழு பாப்பா. நூலு அறுந்துரும்." அத்தை இருந்த பக்கம் பார்க்காமலே, "நல்ல வேல" என்றும் சொன்னார். அவரை மாமா என்று கூப்பிட எனக்குப் பிடித்திருந்தது.

அவர்கள் தலை மறைந்ததும் அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றியிருந்தது. அப்பா விமானத்தை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "எங் கையால வெட்டுனது" என்றார். சிறிது நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார்.

அத்தையின் கல்யாணத்தை நான் கெடுத்துவிட்டேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் காலை ஆற்றில் குளிக்கப் போனபோது, படித்துறையில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அத்தை தண்ணீரில் முங்கினாள். எழுந்தபோது முகமெல்லாம் தண்ணீர், தோள் இரண்டும் குலுங்கின. "அழாத அத்தே" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடியும் முங்கினாள். திரும்பும் வழியில் எனக்கு முறுக்கு வாங்கித் தந்தாள். தொடக்கூடாது என்று சொன்னதைத் தொட்டதற்கு ஒரு வார்த்தை திட்டவில்லை.

பத்து நாள் அப்பா அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினோராம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பாரம் எங்கன இருக்கு? கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டார்.

அத்தை விடுதியில் தங்கிப் படித்தாள். இப்போது சிவகாசியில் அட்டைப்பெட்டிகளுக்கு வரைபடம் போடுகிறாள். எங்கே மடித்தால் எங்கே திறக்கும் என்பது அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வயதில், தானே பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். விடுதிக்குப் போகும்போது அந்த விமானத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். அப்பா இயந்திரத்தில் இரண்டு விரலை இழந்தது அந்த வருடம்தான். பிறகு திருப்பூரில் பனியன், கொச்சியில் இறால் உரிப்பு, கோயம்புத்தூரில் ஒரு மில், இப்போது ஓசூர். ஓர் ஊரில் மூன்று வருடத்துக்கு மேல் எனக்குக் கால் தரிப்பதில்லை. எல்லா ஊருக்கும் விமானம் ஒரு பிஸ்கட் டப்பாவில் என்னோடு வந்தது. திருப்பூரில் எலி வாலைத் தின்றது. கொச்சியில் கூரை ஒழுகி ஒரு சக்கரம் உதிர்ந்தது.

போன மழைக்காலத்தில் இறக்கையின் பசை விட்டுப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஈரத்துணியால் ஒற்றி ஒவ்வொரு அடுக்காகப் பிரித்தேன். எல்லா இடத்திலும் எழுத்து உள்ளே, எல்லா மறைவிலும் வெள்ளைத் தாள். சிவப்பு நூல் மூடிக்குக் கீழே வந்தேன். அங்கே மட்டும் வெள்ளைத் தாள் ஒட்ட அத்தை மறந்துவிட்டாள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

வெள்ளைத் தாள் அங்கேயும் இருந்தது. அட்டையின் வெற்று ஓரம் என்று நான் நினைத்திருந்த இடத்தில் சுற்றிலும் ஒட்டியிருந்தாள். நடுவில் மட்டும் பிளேடால் ஒரு சின்ன ஜன்னல் வெட்டியிருந்தாள். அட்டையில் இருந்த தெய்வத் துணை, பெரியோர்கள் பட்டியல், முகூர்த்தம், மண்டபம் எல்லாம் தாளுக்குள் மறைந்துகிடந்தன. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒரே மூச்சில் வாசிக்கிற அளவுக்கு, மூன்று வரி மட்டும் வெளியே விட்டிருந்தாள்.

புதுப் பசை காய்ச்சி எல்லாவற்றையும் திரும்ப ஒட்டினேன். ஜன்னலை அப்படியே விட்டுவிட்டேன்.