எதிர்வீட்டுப் பேப்பர்

“…திட்டா இருந்தாலும் முழுசாப் படிக்கணும்மா, நடுவுல முழுங்கக் கூடாது. குடு இங்க” என்று கையை நீட்டியபடி சவரி மாமா எங்கள் வாசலில் நின்றபோது, பஞ்சும் பிளாஸ்திரியும் சேர்ந்த ஆஸ்பத்திரி வாசனையும், அன்று காலை வந்த பேப்பரின் காயாத மை வாசனையும் வீடு முழுக்கக் கலந்து கிடந்தன. கண் ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்த அப்பா, குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டு, எழுந்திருக்கவும் முடியாமல் படுத்திருக்கவும் முடியாமல் தலையணையைப் பிடித்துக்கொண்டார். மாமா எங்கள் வாசலுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான், கையிலிருந்த பேப்பரைக் கொடுப்பதா முதுகுக்குப் பின்னால் ஒளிப்பதா என்று தெரியாமல் விழித்தேன்.

நந்தனத்தில் வாரியக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாவது மாடியில், படிக்கட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சவரி மாமா வீடு. அப்பா பஸ் கண்டக்டர். அவர் ‘போலாம் ரைட்’ சொன்னால் அடுத்த பஸ்ஸும் சேர்ந்து கிளம்பும் என்பார்கள். மாமா ஒரு பள்ளிக்கூடத்தில் பியூன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பைபிள் வாசகம் படிப்பவரும் அவர்தான். ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து எடுத்து வைப்பதுபோல் படிப்பார். இருவரும் ஆளுக்கொரு கட்சி. எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் இப்போதே எழுந்து போய்விடுவீர்கள். இரண்டு கட்சிக்கும் தனித்தனி நாளேடு இருந்தது, இரண்டு வீட்டுக்கும் காலையில் ஒவ்வொன்று வரும். ஆறரை மணிக்கு டீ டம்ளரோடு இருவரும் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த நடையில் வந்து நின்று பேப்பரை மாற்றிக்கொள்வார்கள், முதலில் படிப்பது மற்றவருடையதைத்தான். “எதிரி இன்னா சொல்றான்னு தெரியாம நாஷ்டா எறங்காதுடி” என்பார் அப்பா. “உங்கப்பன் பேப்பர்ல தேதி மட்டுந்தான் உண்மை” என்பார் மாமா. இருவரும் போடும் சத்தத்தில், கீழ்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அடிதடி என்று நினைத்து ஓடி வந்ததுகூட உண்டு.

அந்த ஆண்டுத் தேர்தலில்தான் அந்த நட்பு உடைந்தது. தன் தலைவர் அண்ணா சாலை வழியாக வருகிறார் என்று மாமா காலையிலிருந்து கையில் பூமாலையோடு வெயிலில் நின்றிருக்கிறார். மூன்று மணிக்குக் கார் வந்தது, கண்ணாடி இறங்கவே இல்லை, போய்விட்டது. அன்று சாயங்காலம் நடையில் நின்று அதை மாமாவே சிரித்துச் சிரித்துச் சொன்னார்: “வாங்குன மாலைய வேஸ்ட் பண்ணுவானேன்னு சைக்கிளுக்குப் போட்டு இட்டாந்துட்டேன், ஏகா.” அப்பாவின் பெயர் ஏகாம்பரம். அவரும் சேர்ந்து சிரித்தார்.

நான்கு நாள் கழித்து எங்கள் தெருமுனையில் அப்பாவின் கட்சிக் கூட்டம். பேச வேண்டியவர் வரத் தாமதமானதால், குரல் இருக்கிறதே என்று அப்பாவை மேடையில் ஏற்றிவிட்டார்கள். மைக் கையில் வந்ததும் அப்பாவுக்குக் கண் மண் தெரியவில்லை. “எங்க எதிர்வூட்டு சவரி, தலைவருக்கு வாங்குன மாலைய சைக்கிளுக்குப் போட்டாரு! சைக்கிளாவது மணி அடிச்சு நன்றி சொல்லும், அவங்க தலைவர் சொல்வாரா?” என்றார். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாளிலிருந்து பொடிசுகள் மாமாவைப் பார்த்து “சைக்கிள் மாலை, சைக்கிள் மாலை” என்று கத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தன.

மறுநாள் ஆறரைக்கு அப்பா பேப்பரோடு நடையில் நின்றார். மாமா கதவைத் திறந்து, “வூட்ல சொன்னத மைக்ல சொல்ட்ட, ஏகா” என்று மட்டும் சொல்லி மூடிக்கொண்டார். திட்டியிருந்தால் அப்பா தாங்கியிருப்பார். அதற்குப் பிறகு தினமும் தன் பேப்பரை ஒருமுறை புரட்டிவிட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளுவார். குவியல் ஏறிக்கொண்டே போனது. “பழைய பேப்பர்காரன் வந்தா போட்ருய்யா, கரப்பான் வருது” என்று அம்மா எத்தனையோ தடவை சொன்னாள். “கெடக்கட்டும்” என்பதுதான் பதில். இரண்டு வீட்டுப் பெண்களுக்கு நடுவே குழம்புக் கிண்ணம் மட்டும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. தேர்தலில் அப்பாவின் கட்சி ஜெயித்தது. அப்பா வாங்கி வந்த மிட்டாயைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் எதிர்வீட்டுக் கதவு திறந்திருக்கவில்லை.

அடுத்த வாரமே கண் ஆபரேஷன். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணுக்கு எழுத்து எட்டாது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே ஜெயித்த கட்சியின் பேப்பரை அப்பாவுக்குப் படித்துக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. கதவு திறந்து கிடந்ததால், மாமாவின் தலைவரைத் திட்டிய வரிகள் வரும்போதெல்லாம், எதிர்வீட்டில் கேட்டுவிடுமே என்று அப்படியே தாண்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். வாக்கியம் நொண்டும். அந்தக் கொலையைத்தான், ஞாயிறுதோறும் வாசகம் படிக்கிற மனிதரால் மூன்றாம் நாளுக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

மாமா பேப்பரை என் கையிலிருந்து பிடுங்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார், தலையங்கத்தை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். “மக்கள் குப்பைத் தொட்டியில் வீசிய அந்த வாய்ச்சொல் வீரர்…” தன் தலைவரைப் பற்றியதுதான். கோயிலில் படிக்கிற அதே குரல். ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மாடி முழுக்கக் கேட்கும்படி படித்தார். அப்பா நெளிந்தார்.

“அத்த உடுப்பா சவரி. ஸ்போர்ட்ஸ் பக்கம் இன்னா போட்டுக்கீது, அதப் படி.”

“ஏன், ஜெயிச்சவன் பேப்பரு, கேக்க கசக்குதா? சும்மா படுத்துக்கினு கேளு நைனா.”

கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து சுவரோரமாக நின்றாள். அப்பா கட்டுப் போடாத கண்ணையும் மூடிக்கொண்டு சொன்னார்: “மைக்ல சொன்னது தப்புதாம்பா. கை தட்டுனானுங்களா, அந்த ருசில உன் மூஞ்சி மறந்துபூட்ச்சு.”

இன்றைக்கு அந்தக் கட்டடம் இல்லை, இடித்துவிட்டார்கள். அப்பா என்னோடு ஆதம்பாக்கத்தில் இருக்கிறார், மாமா திருவான்மியூரில் மகன் வீட்டில். நடையும் இல்லை, விரலில் கறுப்பாக ஒட்டுகிற அந்தப் பேப்பர்களும் எங்கள் கடைகளுக்கு வருவதில்லை. ஆனால் காலை ஆறரைக்கு எங்கள் வீட்டில் போன் அடிக்கும். இரண்டு கிழவர்களும் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மற்றவர் கட்சிச் செய்தியைப் படித்துக் கிண்டலடிப்பார்கள், காது மந்தமானதால் முன்பைவிடச் சத்தமாக. போன தேர்தலில் ஒரு வீடியோவுக்காகச் சண்டை போட்டு, பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறியவள் நான். போன வாரம் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, சண்டை போட்டவளுக்கு நானே போன் செய்தேன். “இன்னாடி, ஓட்டு கேக்கவா?” என்றாள். ஒரு மணி நேரம் பேசினோம். கட்சி மாறவில்லை, அவளும் சரி, நானும் சரி.

அன்று அப்பா ‘தப்புதாம்பா’ என்றதும், மாமா எழுந்து போய்விட்டார். எதிர்க்கதவு கிறீச்சிட்டது, அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஆனால் கதவு மூடிய சத்தம் கேட்கவில்லை. சணல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பேப்பர் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மாமா திரும்பி வந்தார். அவருடைய கட்சிப் பேப்பர், இரண்டு மாதத்துக்கும், ஒரு நாள் விடாமல். அதை அப்பாவின் காலடியில் வைத்தார். பிறகு குனிந்து, கட்டிலுக்கடியில் கையை விட்டு எங்கள் குவியலை இழுத்தார், தூசி தட்டி, அன்றைய பேப்பரையும் அதன்மேல் வைத்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் படிக்கப் போனார்.