இரு தரப்பும் வந்தாயிற்றா?

விசாரணை அறை திறந்துதான் கிடக்கிறது. உள்ளே மின்விசிறி சுற்றுகிறது, நடுவர் நாற்காலியும் காலி. ஆனாலும் நடுவர் அம்மாள் முட்டிவலிக் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு தாழ்வாரத்தில் நிற்கிறார். வழக்காடும் அண்ணன் தம்பியில் அண்ணன்காரர் மட்டும் வந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறார். தம்பியை இன்னும் காணோம்.

“ஒருத்தரோட மட்டும் தனியா உக்காந்தா, பேசலேன்னாலும் பேசினதாத்தான் ஆகும்” என்பார் அம்மாள்.

கோர்ட் படி ஏறாமல் வழக்கைத் தீர்த்துக்கொள்ள இரு தரப்பும் சேர்ந்து அமர்த்திக்கொள்ளும் நடுவர் அவர். ஒருவர் காட்டும் தாளை மற்றவரும் பார்த்தாக வேண்டும். ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசக் கூடாது, எதுவானாலும் நடுவரிடம்தான். இதெல்லாம் எல்லா இடத்திலும் உள்ள விதி. தண்ணீர் விதி மட்டும் அம்மாளின் சொந்தச் சரக்கு. ஒருவருக்கு ஊற்றினால் அடுத்தவருக்கும் அதே அளவு ஊற்றுவார். தாகமில்லை என்றாலும் விடமாட்டார். “குடிக்க வேணாம். சும்மா முன்னாடி இருக்கட்டும்.”

இந்தப் பழக்கம் வீடுவரை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, பாவம். ஒருநாள் மகள் கணவனோடு சண்டை போட்டுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு போன் செய்தாள். “மாப்பிள்ளையையும் லைன்ல கூப்பிடும்மா, அப்புறம் சொல்லு” என்றார். “நீ எனக்கு அம்மாவா, நடுவரா?” என்று அவள் பட்டென்று வைத்துவிட்டாள். அன்று அம்மாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருவழியாகத் தம்பி வந்து சேர, அம்மாளும் உள்ளே போய் உட்கார்ந்தார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய மரப்பட்டறை யாருக்கு என்பதுதான் வழக்கு. இது கடைசி அமர்வு. தீர்ப்பு கைக்கு வந்துவிட்டால், இந்த இருவரும் ஒரே அறையில் உட்கார இனி ஒரு சாக்கும் இருக்காது. அதுதான் அம்மாளை அரித்தது. ஆனால் அவரைச் சேர்த்துவைக்கக் கூப்பிடவில்லையே, தீர்த்துவைக்கத்தானே கூப்பிட்டார்கள்!

“மொத ரம்பம் வாங்கினப்போ, கை பத்திரம்டான்னு இவனத் தொடவே விடலீங்க, நான்…” என்று ஆரம்பித்த அண்ணன் பாதியில் நிறுத்தினார். டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தார். காலி டம்ளரைக் கீழே வைக்காமல் கூஜாவைப் பார்த்தார்.

அம்மாளின் கை கூஜா பக்கம் போய் நின்றுவிட்டது. தம்பியின் டம்ளர் தொடாமல் நிறைந்திருந்தது. ஒருவருக்கு மட்டும் ஊற்றுவது எப்படி?

தம்பி தன் டம்ளரை மேசைமேல் மெல்ல நகர்த்தினார். “குடிண்ணே.”

நேருக்கு நேர் பேச்சு. அம்மாள் தடுத்திருக்க வேண்டும். அவரோ பேனாவை மூடிவைத்தார். சத்தமில்லாமல் எழுந்து வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, வலிக்கிற காலை மாற்றி ஊன்றிக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றார்.