எதிர் மேசையில் ஆளில்லை

செவ்வாய்க்கிழமை காலை சிதம்பரத்திலிருந்து தணிகாசலம் மாமாவின் மனைவி அழைத்தார். "இன்னைக்கு அவரு வரமாட்டாரு தம்பி," என்றார். பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார் என்று நினைத்து, "பரவால்லக்கா, மத்தியானமா வரட்டும்," என்றேன். அவர் அழத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

தணிகாசலம் மாமா எனக்கு உறவில்லை. கடலூர் முதுநகரில் படகு வடிவமைக்கும் நிறுவனத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்தினோம். சுனாமிக்குப் பின் தேவனாம்பட்டினம் கரையில் புதுப் படகுகள் எல்லாம் ஒரே அச்சில் நின்றதைப் பார்த்து, "கடலு ஊருக்கு ஊரு வேற மாப்ள. படகு மட்டும் எப்படி ஒண்ணா இருக்கும்?" என்று கேட்டார். அப்படித் தொடங்கியதுதான். இரண்டு பேர், எதிரெதிராக இரண்டு மேசைகள்.

சட்டம் ஒன்றுதான். ஒருவர் வரைந்ததில் மற்றவர் ஒரு குறையாவது சொல்லாமல் வரைபடம் வெளியே போகக் கூடாது. சட்டம் அவருடையது, எரிச்சல் என்னுடையது. முதல் மீன்பிடிப் படகின் முன்பக்கத்தை நான் அழகழகாக வளைத்திருந்தேன். "நல்லாத்தான் இருக்கு. வலைய எங்க வைப்பாங்க, உன் தலையிலயா?" என்றார். கொஞ்ச நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அழித்து வரைந்தேன்.

புதுச்சேரிக்காரர் ஒருவருக்காக நான் வரைந்த உல்லாசப் படகை மாமா நாள் முழுக்கக் குடைந்தார். ஒன்றும் அகப்படவில்லை. சிதம்பரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "ஓரத்துல உன் கையெழுத்து கோணலா இருக்கு. அத மாத்திட்டு அனுப்பு," என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

தகனம் முடிந்து திரும்பியதும் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. அலுவலகத்துக்கே வந்துவிட்டேன். தேவனாம்பட்டினத்துப் படகுக்காரர் போனில், "நம்ம படகு வரைபடம் ரெடியா சார்?" என்று கேட்டார். "வரைஞ்சாச்சு, இன்னும் பாக்கல," என்றேன். யார் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் சரியாகவே தெரிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது மாமா. இதை நம்பி நாலு பேர் கடலுக்குப் போவார்கள். நீங்கள் எதிரே இருந்த தைரியத்தில்தான் இத்தனை வருடமும் வரைந்தேன்.

போய்வாருங்கள். போகிறபோது இதில் ஒரு குறை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.