ஊர் விலாசம்

பட்டாளத்துக்காரன் என்றால் எங்கள் சேலத்தில் தனி மரியாதை. பஸ்ஸில் எழுந்து இடம்கூடக் கொடுப்பார்கள். வீடு கேட்டு வந்தால்தான் முகம் மாறும். தீபிகா விஷயத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

அவள் பரமத்தி வேலூர் பக்கத்துப் பெண். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் வீட்டை விட்டு நகராதவள். புருஷன் சபரிநாதன் பட்டாளத்தில். மகளுக்கு நாலு வயது, பிறவியிலேயே காது கேட்காது. ஆபரேஷன் செய்து கருவி வைத்தாயிற்று. ஆனால் தினமும் சேலத்துக்குக் கூட்டி வந்து பேச்சுப் பயிற்சி கொடுத்தால்தான் வாய் திறக்கும், வயது ஏற ஏறக் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் வந்துபோய்ப் பார்த்தார்கள். குழந்தை வழியெல்லாம் வாந்தி எடுத்துவிட்டுப் பயிற்சியில் சுருண்டு படுத்துக்கொண்டது. சபரிநாதனுக்கோ அடுத்து பனிமலைக்கு மாற்றல். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத இடம். லீவு முடிவதற்குள் இரண்டு பேரையும் சேலத்தில் குடிவைத்துவிட வேண்டும் என்று நாயாக அலைந்தான்.

ஆம்பளை இல்லாத குடித்தனம் வேண்டாம் என்றார் ஒருவர். இன்னொருவர் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே குலதெய்வம் எது என்று விசாரித்தார். "எங்க பட்டாளத்துல இதெல்லாம் கேக்க மாட்டாங்க சார்" என்றானாம். அந்தக் கதவும் சாத்திக்கொண்டது.

கடைசியில் நெத்திமேட்டில் எங்கள் மாடிக்கு வந்தார்கள். நான் கீழே வாடகைக்கு இருந்து சேலைக்கு ஓரம் அடிக்கிறவள். வீட்டுக்காரி மயிலம்மாள், திருச்செங்கோட்டுப் பக்கம். புது மாடி, பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை. தீபிகா சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தாள். அவளுக்குப் பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது. மயிலம்மாள் குழந்தையின் தலையைத் தடவி "சாமி" என்று கொஞ்சினாள். காரியம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"ஒண்ணு கேக்கோணும், தப்பா நெனச்சுக்காதீங்க," என்றாள் மயிலம்மாள். "இது புது ஊடு. உங்க வேலையும் அப்பேர்ப்பட்ட வேலை. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, இங்க கொண்டாந்து போட மாட்டாங்கல்லங்க?"

வாடகை வீட்டில் சாவு விழக்கூடாது என்று, வயசானவர்கள் இழுத்துக்கொண்டு கிடந்தால் ஊருக்குக் கொண்டுபோகச் சொல்வது இங்கே உண்டு. எதிரே கல்லுப்போலத் திடமாக நிற்கிறவனிடமா அதைக் கேட்பது? அவளுக்கு நாக்கு எப்படித்தான் வந்ததோ!

தீபிகா குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியைப் பார்த்து நடந்தாள். சபரிநாதன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். மறுநாள் அவனுக்கு ரயில்.

"அதெல்லாம் நேரா எங்க ஊருக்குத்தானுங்க கொண்டு போவாங்க," என்றான். "பட்டாளத்துல ஊர் விலாசந்தான் குடுத்திருக்குது. நீங்க பயப்படாதீங்க."

தண்ணீர் லாரி எப்போது வரும் என்று பேசுகிற குரலில்தான் சொன்னான். மயிலம்மாளுக்கு அதுவும் போதவில்லை.

"நீயும் ஒரு வார்த்தை சொல்லிரு அம்மிணி. அப்ப நீதான இருப்ப?"

தீபிகா குழந்தையைப் பார்த்தாள். "ஊருக்கே கொண்டு போயிக்கறமுங்க," என்றாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

பால் காய்ச்சினார்கள். அவன் போனான். சில மாதங்களில் குழந்தைக்கு ஒவ்வொரு சொல்லாக வந்தது. "மயிலு, மயிலு" என்று கூப்பிட்டால் மயிலம்மாள் முறுக்கோடு படியேறி ஓடுவாள். கெட்ட மனுஷி இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

போன மாதம் என் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது சபரிநாதன் போன் செய்தான். மகளுக்கும் கேட்கட்டும் என்று தீபிகா ஸ்பீக்கரில் போட்டாள்.

"இங்க எல்லாரோட விலாசமும் புதுசாக் கேக்கறாங்க தீபிகா. சேலத்து விலாசத்தையே குடுத்தர்றேன். தபால் வந்தா உனக்குச் சுளுவு."

"வேண்டாங்க," என்றாள். "ஊர் விலாசமே இருக்கட்டுங்க."

போனில் காற்று இரைந்தது. பிறகு, "செரி" என்றான்.

மயிலம்மாள் பதறி எழுந்தாள். "இங்கத்த விலாசத்தையே குடுக்கச் சொல்லு சாமி. நான் அன்னைக்கி ஏதோ..."

"வாக்குக் குடுத்துட்டமுங்க," என்றாள் தீபிகா.

குழந்தை போனைப் பிடுங்கிக்கொண்டது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி வாயை அகலத் திறந்து, "அப்பா, வா. இங்க வா," என்றது.